வயர் இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எங்கள் சொந்தத்திலும் தெருவிலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. என்றோ ஒருவருக்குப் பார்த்துக் கொடுத்தேன், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. போனதும் நான் கேட்பது "பேக்கப் இருக்கா?" என்பதுதான். பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேச்சே வராது. அப்புறம் "வைஃபையிலேயே தானாக எடுக்கிற மாதிரி ஏதாவது இருக்காமே?" என்று ஆரம்பிப்பார்கள். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அவற்றை இங்கே போட்டிருக்கிறேன்.

கேபிளே செருகாமல் பேக்கப் எடுக்க முடியுமா சார்? அதில் அப்படி என்ன லாபம்?

முடியும். வீட்டுக்குள்ளேயே என்றால் மூன்று வழி: ரவுட்டரின் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி வைப்பது, நாஸ் எனப்படும் தனிச் சேமிப்புப் பெட்டி வாங்குவது, அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. வீட்டுக்கு வெளியே என்றால் இணையம் வழியாக க்ளவுட், அதாவது வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடம்.

லாபம் வேகத்தில் இல்லை. கேபிள்தான் எப்போதும் வேகம். மறதிக்குத்தான் இது மருந்து. டிஸ்க் வாங்கிய முதல் மாதம் வாராவாரம் செருகுவோம். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். ஒரு வீட்டில் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால் கடைசி பேக்கப் எடுத்து நாலு பொங்கல் ஆகியிருந்தது. வைஃபை பேக்கப்புக்கு நம் ஞாபகம் தேவையில்லை.

மாதம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி பண்ணி வைக்கிறேனே, போதாதா?

ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலாம். ஆனால் பென் டிரைவ் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகத்தான். பத்திரப்படுத்தி வைக்க அல்ல. சின்னது, தொலையும், சொல்லாமல் கொள்ளாமல் செத்தும் போகும். புதிய காப்பியைப் பழையதன் மேலேயே போடுகிறீர்கள் என்றால், கெட்டுப்போன ஃபைல் நல்லதை அழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

கூகுள் டிரைவில், ஒன்டிரைவில் எல்லாம் தானாக ஏறிவிடுகிறது. அதுதானே பேக்கப்?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். அவை செய்வது ஒத்திசைவு. கம்ப்யூட்டரில் இருப்பதும் மேலே க்ளவுட்டில் இருப்பதும் ஒன்றுபோல இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். நீங்கள் இங்கே ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். பேத்தி கீபோர்டில் விளையாடி ஒரு கட்டுரையைக் காலி செய்தால், காலியான கட்டுரை சமர்த்தாக மேலே ஏறிவிடும்.

குப்பைத்தொட்டி இருக்கிறது, உண்மைதான். இரண்டிலுமே சாதாரணக் கணக்குக்கு 30 நாள். அதற்குள் கவனித்துவிட்டால் மீட்கலாம். அழிந்தது நமக்குத் தெரிவதோ பெரும்பாலும் வருமான வரி கட்டும் மாதத்தில். இடமும் குறைவு. இலவசமாக கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. கூகுளின் அந்த 15-ஐ ஜிமெயிலும் போட்டோக்களும் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒத்திசைவை நிறுத்தச் சொல்லவில்லை. அதைப் பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எங்கள் ரவுட்டர் பின்னால் யூஎஸ்பி ஓட்டை இருக்கு. அதில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் முடிந்ததா?

கிட்டத்தட்ட. கையில் ஒரு பழைய டிஸ்க் இருந்தால் இதுதான் செலவே இல்லாத வழி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் யூஎஸ்பி பகிர்வை இயக்கி, அதற்கென்று ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டும். இணைப்பு கொடுத்த நிறுவனமே தந்த ரவுட்டர்களில் சில சமயம் ஓட்டை இருக்கும், உள்ளே அந்த வசதி பூட்டியிருக்கும். டிஸ்க் வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். தனி அடாப்டர் இல்லாத சின்ன டிஸ்க்குகள் ரவுட்டரிடமிருந்தே கரண்ட் எடுக்கும். ரவுட்டரால் கொடுக்க முடியாவிட்டால் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டபடி வந்து வந்து போகும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிட்டு, தனியாகக் கரண்ட் கொடுக்கும் யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் போடுங்கள். டிஸ்க்கை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் நிற்கும்.

முதல் பேக்கப்பைப் போட்டுவிட்டேன், ஒரு நாள் தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கு. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை, கணக்கு அப்படி. இணைப்பு வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே '100 எம்பிபிஎஸ்' என்றால் நொடிக்கு 12 எம்பி சொச்சம்தான், அதுவும் நல்ல நாளில். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், நடுவே ஒரு கான்கிரீட் சுவரும் இருந்தால், நொடிக்கு 3 எம்பி கிடைப்பதே பெரிது. 400 ஜிபியை அந்த வேகத்தில் அனுப்ப 37 மணி நேரம் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் பல மடங்கு கூடும். 2.4 தூரம் போகும், மெதுவாகப் போகும். 5 வேகமாகப் போகும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: முதல் பேக்கப்பை மட்டும் கேபிளில் எடுங்கள். டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் செருகி எடுக்கலாமே என்று தோன்றும். வெறும் ஃபோல்டர் காப்பி என்றால் சரி. ஆனால் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி போன்ற பேக்கப் நிரல்களுக்கு நேரடியாகச் செருகிய டிஸ்க் வேறு, ரவுட்டர் வழியாகத் தெரியும் டிஸ்க் வேறு. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிஸ்க் ரவுட்டரிலேயே இருக்கட்டும். லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். நெட்வொர்க்கில் டிஸ்க்கின் விலாசம் மாறாததால், கேபிளை உருவிய பிறகு விட்ட இடத்திலிருந்து வைஃபையில் தொடரும். 100 எம்பிபிஎஸ் லேன் உள்ள பழைய ரவுட்டரிலும் அந்த 400 ஜிபி சுமார் பத்து மணி நேரத்தில் முடியும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். லேப்டாப் தூங்கிவிடாமல் இருக்க ஸ்லீப்பை அணைத்து, சார்ஜரில் போட்டு வையுங்கள்.

அப்படியானால் தினமும் இவ்வளவு நேரம் ஆகுமா?

ஆகாது. இரண்டாம் முறையிலிருந்து மாறியவையும் புதிதாகச் சேர்ந்தவையும் மட்டும் போகும். வீட்டு உபயோகத்தில் அது ஒரு நாளைக்குச் சில நூறு எம்பிதான். நடப்பதே தெரியாது.

ப்ளூடூத்தில் எடுக்கலாமா?

வேண்டாம். 1 ஜிபி போவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இதற்கென்று தனி சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கணுமா?

தேவையில்லை. விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபைல் ஹிஸ்டரி அதிலேயே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் அதைக் கன்ட்ரோல் பேனலுக்குள் தள்ளி ஒளித்துவைத்திருக்கிறார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும். ரவுட்டர் டிஸ்க்கின் விலாசத்தைக் கொடுத்துவிட்டால் மணிக்கொருமுறை மாறிய ஃபைல்களை எடுத்துவைக்கும். பழைய பதிப்புகளும் இருக்கும், அதுதான் இதன் அருமை. லினக்ஸ் வகையான உபுண்டுவில் தேஜா டூப் என்ற பேக்கப் நிரல் இருக்கிறது. கட்டளை அடிக்கத் தயங்காதவர்களுக்கு விண்டோஸில் ரோபோகாப்பி, லினக்ஸில் ஆர்சிங்க்.

ஒரு எச்சரிக்கை, நம் ஊருக்கு இது முக்கியம். இங்கே லேப்டாப் விற்கும்போதே சி, டி என்று பிரித்துக் கொடுப்பார்கள். நாமும் முக்கியமானதை எல்லாம் 'டி'யில் ஃபோல்டர் போட்டு வைப்போம். ஃபைல் ஹிஸ்டரி தானாகப் பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களை மட்டும். டி டிரைவ் ஃபோல்டர்களை நீங்களாக லைப்ரரியில் சேர்த்தால்தான் உண்டு. என் சித்தப்பா வீட்டில் எட்டு மாதம் பேக்கப் ஒழுங்காக ஓடியது, பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே டெஸ்க்டாப் ஐகான்கள்தான் இருந்தன.

நான் மேக் வைத்திருக்கேன். டைம் கேப்ஸ்யூல் என்று ஒரு பெட்டி வந்ததே, இன்னும் கிடைக்குதா?

ரவுட்டரும் டிஸ்க்கும் ஒன்றாக இருந்த அந்தப் பெட்டியை ஆப்பிள் 2008-இல் கொண்டுவந்தது, 2018-இல் நிறுத்திவிட்டது. பழையது மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் அவ்வளவு வயசு ஆகியிருக்கும். மேக்கிலேயே வரும் டைம் மெஷின் என்ற பேக்கப் நிரல் மட்டும் நன்றாகவே இருக்கிறது. கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையதற்கு வாரத்துக்கொன்று என்று வைத்துக்கொண்டு, இடம் தீர்ந்தால் ஆகப் பழையதைக் கழிக்கும். டைம் மெஷினுக்கு ஆதரவு உண்டு என்று தெளிவாகப் போட்டிருக்கும் நாஸ் பெட்டிக்கோ, வீட்டிலுள்ள இன்னொரு மேக்குக்கோ வைஃபையில் அனுப்பலாம்.

நாஸ் பெட்டி வாங்கலாமா? விலையைப் பார்த்தால் தலை சுற்றுது.

வீட்டில் மூன்று நாலு கம்ப்யூட்டரும், தொழிலாகவோ பைத்தியமாகவோ படம் எடுப்பவர் ஒருவரும் இருந்தால் வாங்கலாம். ரவுட்டர் டிஸ்க்கைவிட வேகம், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, பழைய நிலையை அப்படியே பிடித்துவைக்கும் வசதி என்று நிறைய உண்டு. ஒரே ஒரு லேப்டாப்புக்கு அது வேண்டாம். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் வைத்து, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டாலே போதும்.

நாஸில் ரெண்டு டிஸ்க் இருக்கே, அதுவே ரெண்டு காப்பிதானே?

இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் ரெய்ட் 1 என்ற முறை கண்ணாடி மாதிரி. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். பெட்டியைத் திருடன் தூக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

க்ளவுட்டுக்கு அனுப்பினால் டேட்டா தீர்ந்து போகாதா?

ஃபைபர் இணைப்பு என்றால் கவலை குறைவு. இங்கே பல திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜிபி, சில மலிவுத் திட்டங்களில் அதைவிடக் குறைவு. 400 ஜிபி ஏற்றினாலும் வரம்பு தாங்கும். பார்க்க வேண்டியது ஏற்றும் வேகம். அது 40 எம்பிபிஎஸ் என்றால் 400 ஜிபிக்கு 22 மணி நேரம் ஆகும். ராத்திரி மட்டும் ஓடும்படி வைத்து ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் காலை பத்து மணிக்கே எல்லாம் காலி. விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது டேட்டா வரம்புள்ளது, என்று குறித்துவிடுங்கள். ஒன்டிரைவ் போன்றவை அதைக் கண்டால் நிறுத்திக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்?

லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. பேக்கப் பாதியில் நிற்கும். கரண்ட் வந்ததும் பெரும்பாலும் தானாகத் தொடரும். எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் தடாலென்று அணைவதுதான் கெடுதல், அதுவும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தால். என்டிஎஃப்எஸ் முறை கொஞ்சம் தாங்கும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஏரியா என்றால் டிஸ்க்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

வைரஸ் வந்தால் வைஃபையில் இருக்கும் பேக்கப்பும் சேர்ந்து போய்விடும் என்கிறார்களே?

உண்மைதான். வயர் இல்லாத பேக்கப்பின் பெரிய பலவீனமே அது. உங்கள் கம்ப்யூட்டர் எப்போது வேண்டுமானாலும் அந்த டிஸ்க்கைத் தொட முடிகிறது என்றால், கம்ப்யூட்டருக்குள் புகுந்தவனும் தொடுவான். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற இன்னொன்று க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளுக்குள்ளேயே நுழைந்து ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதே வருடம் ஜூனில், இணையத்தோடு இணைந்திருந்த, டபிள்யூடி நிறுவனத்தின் மை புக் லைவ் டிஸ்க்குகள் பல, தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன. அந்த டிஸ்க்குக்கு நிறுவனம் அப்டேட் தருவதை 2015-லேயே நிறுத்தியிருந்தது.

ஆகவே: பேக்கப் ஃபோல்டருக்குத் தனி பாஸ்வேர்ட் வையுங்கள். வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே என்ற ஆசையில் டிஸ்க்கை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், எதனோடும் இணைக்காத ஒரு டிஸ்க் தனியாக இருக்கட்டும். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கும் ஏறக்குறைய இதுதான்: 3 பிரதி, 2 விதமான சேமிப்பு, அதில் 1 வீட்டுக்கு வெளியே. முதலில் சொன்ன அந்த பீரோ டிஸ்க்குக்கு வேலை இங்கேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகி எடுத்துவிட்டு, அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளில் கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்திருக்கேன். அவனுக்கு என் டிஸ்க் தெரியுமா?

தெரியலாம். பாஸ்வேர்ட் இல்லாமல் பகிர்ந்திருந்தால் திறக்கவும் செய்யலாம். விருந்தினருக்கென்று கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாக இயக்கி அதைக் கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் பக்கத்திலிருந்து வீட்டுச் சாதனங்கள் தெரியாது. உங்கள் லேப்டாப் தவறிக் கெஸ்ட்டில் சேர்ந்துவிட்டால் அதற்கும் டிஸ்க் தெரியாது. 'திடீரென்று பேக்கப் நின்றுவிட்டது' என்று வரும் போன்களில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ரவுட்டரில் இருக்கும் டிஸ்க் பழைய கம்ப்யூட்டரில் தெரியுது, புதுசில் தெரியவே இல்லை. டிஸ்க் போயிடுச்சா?

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். பழைய ரவுட்டர்கள் பல, ஃபைல் பகிர்வுக்கு எஸ்எம்பி 1 என்ற பழைய மொழியில்தான் பேசும். வானாக்ரை புகுந்த வழி இதேதான். அதனால் 2017 அக்டோபருக்குப் பிறகு புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-லும், பின்னர் வந்த 11-லும் அது பெரும்பாலும் இருப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரில் மிச்சம் இருக்கிறது, அதனால் தெரிகிறது.

'விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் அதை இயக்கு, தெரியும்' என்று சொல்லித் தரும் வீடியோக்கள் ஏராளம். தெரியும்தான், திருடனுக்கும் தெரியும். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்எம்பி 2 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரவுட்டரை மாற்றுங்கள், அல்லது மேலே சொன்ன பழைய லேப்டாப் வழிக்குப் போங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் சில, பாஸ்வேர்ட் இல்லாத பகிர்வையும் ஏற்காது. பாஸ்வேர்ட் வைக்க அது இன்னொரு காரணம்.

கடைக் கணக்கு டேலியில், மெயில் எல்லாம் அவுட்லுக்கில். இதெல்லாம் சரியாக வருமா?

திறந்திருக்கும் ஃபைலைச் சில நிரல்கள் தாண்டிப் போய்விடும், சில அரைகுறையாக எடுக்கும். டேலியில் அதற்கென்றே பேக்கப் வசதி இருக்கிறது. கடை மூடும் முன் அதைக் கொடுத்து, தினமும் பேக்கப் ஆகும் ஒரு ஃபோல்டருக்குள் விழும்படி வையுங்கள். அவுட்லுக் மெயில்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி ஃபைலில் இன்னொரு சிக்கல்: ஒரே ஒரு மெயில் வந்தாலும் முழு ஃபைலும் மாறியதாகக் கணக்கு. 10 ஜிபி பிஎஸ்டி என்றால் ஒவ்வொரு தடவையும் 10 ஜிபி வைஃபையில் ஓடும். பழைய வருட மெயில்களைத் தனி பிஎஸ்டியாகப் பிரித்துவிட்டால் நிம்மதி.

அப்பா எழுதினது ஆயிரம் பக்கம் பாமினி ஃபான்ட்டில் இருக்கு. ஃபைல் மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது, ஃபான்ட்டையும் எடுங்கள். பாமினி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட் அல்ல. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட் ஃபைலைச் சாதாரண பேக்கப் தொடவே தொடாது. அதைக் காப்பி செய்து அப்பாவின் எழுத்துகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றி அதையும் பக்கத்தில் வையுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம்.

எல்லாம் ஒழுங்காக ஓடுதா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பச்சை டிக்கை நம்பாதீர்கள். சித்தப்பா கதை ஞாபகம் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது மூன்று ஃபைலை பேக்கப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். ஒன்று போன வாரத்தது, ஒன்று பழையது, ஒன்று டி டிரைவில் இருப்பது. காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

பேக்கப்புக்கு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் வீட்டில் யாருக்கும் திறக்கத் தெரியாதே?

பூட்டியது நல்லது. டிஸ்க் திருடு போனாலும் ஆதார் நகலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வெளியே போகாது. ஆனால் சாவி அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தால் அது சாவி இல்லை. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் என்றால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று கொடுக்கும். அதையும், ரவுட்டர் டிஸ்க்கின் பாஸ்வேர்டையும், க்ளவுட் கணக்கின் பெயரையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் உறைக்குள் வையுங்கள். அந்தத் தாளை டிஸ்க்கோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை மட்டும் வீட்டுக்காரம்மாவிடமோ பிள்ளையிடமோ கொடுத்து, ஒரு போட்டோவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். என் வீட்டில் முதல் தடவை தோற்றது, நான் எழுதியிருந்த ஆங்கிலச் சின்ன எல்லும் 1-ம் ஒரே மாதிரி இருந்ததால்.